தம்பி போட்ட பூட்டு

யார் வீட்டுப் பூட்டு மக்கர் பண்ணினாலும் தம்பியைத்தான் கூப்பிடுவார்கள். ஊரார் கதவையெல்லாம் திறந்துவிடுகிற அந்த மகராசன், சொந்த அக்காவுக்குக் கதவைப் பூட்டிவிட்டான்.

அக்கா வீடும் தம்பி வீடும் ஒட்டினாற்போல இருந்தன. பின்பக்க வராந்தாவில் நடுவே ஒரு கதவு. அதை யாரும் சாத்தினதே கிடையாது. அக்காவின் பூனைகள், ஒரே வயிற்றில் பிறந்த குண்டுவும் சுள்ளியும், அந்தப் பக்கம் போகும். தம்பியின் துரை இந்தப் பக்கம் வரும். மூன்று பூனைகளுக்கும் வெளிக்குப் போக வராந்தாவில் ஒரே மணல் தட்டு.

"எதுக்கு ரெண்டு? கழுவறது நான்தானே" என்று அக்கா செய்த ஏற்பாடு அது.

வினை குண்டுவின் வயிற்றில் வந்தது. வயிறு பெருக்கப் பெருக்க அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பேருக்கு ஏத்த மாதிரி ஆயிட்டான் பாரு" என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டினாள். அவன் சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டு படுத்த பிறகுதான், அது கொழுப்பு இல்லை என்று உறைத்தது. அக்காவும் தம்பியும் அவனைத் தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"வயித்துல நீர் கோத்திருக்கு" என்றாள் டாக்டரம்மா. "பூனைங்களுக்கு வர்ற கொரோனா. நமக்கு வந்தது வேற, இது வேற. நமக்கு ஒட்டாது. நிறைய பூனைங்களுக்கு லேசா வயிறு கலக்கிட்டுப் போயிடும். ஏதோ ஒண்ணு ரெண்டுக்குத்தான், உள்ள போன கிருமி அங்கேயே உருமாறி இப்படி ஆளைக் கவுத்துடும்."

"அது என் குண்டுவுக்குத்தானா வரணும்?"

"உடம்பு வாகும்மா. பரம்பரையா வர்றதும் இருக்கு. கூடப் பிறந்ததுக்கும் அதே வாகு இருக்கலாம். சுள்ளியைப் பத்திரமா பாத்துக்கங்க."

"எப்படி டாக்டர் பரவும்?" என்று கேட்டான் தம்பி.

"மலத்துல இருந்து. மணல் தட்டு, அதை மிதிச்ச செருப்பு, எல்லாத்துலயும் வரும்."

தம்பியின் முகம் சுண்டிப்போனது. இரண்டொரு நாளில் வராந்தாக் கதவில் பூட்டு தொங்கியது. அதுவும் புத்தம் புதுப் பூட்டு.

"துரை இனிமே அங்க வரமாட்டான். உன் பூனைங்களையும் இங்க விடாதக்கா" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னான்.

"உன் துரைக்கு ஒட்டிக்கும்னு பயமாடா?"

"அப்படித்தான்னு வச்சுக்கோயேன்."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குண்டுவுக்குத் தினமும் மாத்திரை கொடுக்க வேண்டும். பிடித்துக்கொள்ள ஓர் ஆள், வாயைத் திறக்க ஓர் ஆள். தம்பியோ வாசல்படி தாண்டவில்லை. "மாத்திரை உள்ள போச்சா?" என்று ஜன்னலில் வந்து கேட்பான். அவள் ஜன்னலையும் அறைந்து சாத்துவாள்.

சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற அக்கா, கையெல்லாம் கீறலோடு வேலைக்குப் போனாள்.

"யாரோட சண்டை?" என்று கேட்டார்கள் கடையில்.

"கூடப் பிறந்தவனோட" என்றாள்.

வாரங்கள் ஓடின. குண்டுவின் வயிறு வடிந்தது. ஒருநாள் காலை அக்காவின் தட்டிலிருந்து முட்டையைக் கவ்விக்கொண்டு ஓடினான். அவள் திட்டவில்லை. இருந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

கடைசி முறையாகக் காட்டப் போனபோது டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உசிரு இருக்கற வரைக்கும் உங்களை மறக்க மாட்டேன். கூடப் பிறந்தவனே, தன் பூனைக்கு ஒட்டிக்கும்னு கதவைப் பூட்டிட்டான்."

"உங்க தம்பியா?" டாக்டரம்மாவின் புருவம் உயர்ந்தது. "குண்டுவுக்குள்ள உருமாறின கிருமி இன்னொரு பூனைக்குத் தாவறது ரொம்ப அபூர்வம். அதை அவர்கிட்டயே சொன்னேனே, துரையைச் சோதனைக்குத் தூக்கிட்டு வந்தப்போ."

"சோதனையா? துரைக்கு என்ன?"

"அதை அவரையே கேளுங்க."

அக்கா நேரே தம்பியின் கடைக்குப் போனாள். அவன் ஒரு பூட்டை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டிருந்தான்.

"துரைக்கு என்னடா?"

தம்பி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்.

"அவனுக்கு ஒண்ணும் இல்ல, கல்லு மாதிரி இருக்கான். ஆனா அவன் உடம்புல கிருமி இருந்துக்கிட்டே இருக்கு. அவனை ஒண்ணும் பண்ணாது, மத்ததுக்குப் பரப்பிக்கிட்டு இருப்பான். குண்டுவுக்கு இவன்கிட்டேருந்துதான் வந்திருக்கும். சுள்ளிக்கும் அதே வாகு இருக்கலாம்னு டாக்டர் சொன்னதும் எனக்குப் பாதி உசிரு போயிடுச்சு. இந்தச் செருப்போட, இந்தச் சட்டையோட உன் வீட்டுக்குள்ள நான் எப்படிக்கா வர்றது?"

அக்கா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். இத்தனை வாரமாகப் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது. சுள்ளியைக் காப்பாற்றிக் கொடுத்தவனைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. வாயில் வந்தது என்னவோ திட்டுதான்.

"அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல? உன்னை என்னென்ன பேசிட்டேன்."

"பேசினா பேசிட்டுப் போ." தம்பி நிமிராமல் ஒரு ஸ்பிரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். "என் வீட்டுக்காரி தவறினப்போ நான் சோறு தண்ணி இல்லாம கிடந்தேன். நீதான் எங்கிருந்தோ துரையைத் தூக்கிட்டு வந்து என் மடியில போட்ட. அவனுக்குப் பால் ஊத்தத்தான்க்கா நான் எழுந்தே உட்கார்ந்தேன். இது தெரிஞ்சா, இவனை ஏன்தான் குடுத்தோமோன்னு ஒரு நிமிஷமாவது நீ நினைச்சிருப்ப. அப்படி நீ நினைச்சிடக் கூடாதுன்னுதான் சொல்லல."