சோற்றுக்கு அடியில் ஒரு முட்டை

கரையான்சாவடி மெயின் ரோட்டில் காலை ஹாரன்கள் தொடங்கிவிட்டன. சமையலறை ஜன்னல் வெயிலில் அந்தப் பழைய தகர டப்பா மங்கலாக மின்னுகிறது. மூன்று வாரத்துக்கு முன் இறந்துபோன தாயின் வீட்டிலிருந்து, கொரியாவிலிருந்து, மின்ஜே எடுத்துவந்த ஒரே பொருள் அது. திரும்பி வந்த நாளாக அவன் இரண்டு வாய்க்கு மேல் எதுவும் சாப்பிடவில்லை. இன்றுதான் மறுபடி வேலைக்குக் கிளம்புகிறான். கிருஷ்ணப்பிரியா கணவன் மின்ஜேயின் அந்த டப்பாவில் முதலில் பொரித்த முட்டையை வைக்கிறாள். அதன்மேல் ஆவி பறக்கும் குழைந்த சோற்றைப் பரப்புகிறாள். ஓரத்தில் வதக்கிய கிம்ச்சியின், காரமாகப் புளிக்கவைத்த கோஸின், சிவப்பு சோற்றில் மெல்ல இறங்குகிறது.

"இன்னாம்மா, முட்டையப் போயி அடியில பொதைக்கிறே?" என்கிறார் அவள் அப்பா உலகநாதன்.

"இவரு ஸ்கூல்ல படிக்கறப்ப கூடப் படிக்கிற பசங்க புடுங்கித் தின்னுடுவாங்கன்னு அத்தை இப்டிதான் ஒளிச்சு வெப்பாங்களாம்ப்பா. போன்ல சொல்லிக் குடுத்தாங்க."

"மாப்ளகிட்ட இப்ப யாரும்மா புடுங்கப் போறா?"

அவள் மூடியை அழுத்துகிறாள். மின்ஜே ஒரு காலில் ஷூவை மாட்டியபடி டப்பாவை வாங்குகிறான். அடிப்பக்கத்துச் சூடு உள்ளங்கையில் படுகிறது. அப்படியே நிற்கிறான். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்து மூடியைத் திறக்கிறான். ஸ்பூன் சோற்றை விலக்கிக்கொண்டு நேராக அடிக்குப் போகிறது. கிருஷ்ணப்பிரியா கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கீழே கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது. உலகநாதன் பால்கனிக்கு ஓடுகிறார்.

"கொஞ்சம் இரு நைனா! மாப்ள சாப்ட்டுகினு கீறாரு!"