நாணச் சிவப்பு

“இந்தச் சிவப்பு மச்சத்தை எடுத்துடலாமா?” என்று டாக்டர் கேட்டபோது நான் தலையாட்டினேன். அம்மாதான் மறுத்துவிட்டாள். அம்மாவுக்குப் பணம் கொடுத்து, அழகு நிலையத்தார் என் கன்னத்து மச்சத்தின் ரத்தக்குழாய்களின் உள்தோலை ஊசியால் எடுத்து வளர்த்து, மணப்பெண்களின் கன்னத்தில் நாணச் சிவப்பாகப் பதிக்கிறார்கள்.

இன்று பத்மலோசனி என்ற மணப்பெண் நேரிலேயே வந்தாள். முகூர்த்தப் புடவையின் ரவிக்கைத் துணியை என் கன்னத்தில் வைத்து நிறம் பார்த்தாள். பிறகு எச்சில் தொட்ட விரலால் தேய்த்தாள்.

“கொஞ்சம் வெளுத்திருக்கே ஆன்ட்டி?”

“கிள்ளுனா நல்லா செவக்கும்மா, பாரு!” அம்மா கிள்ளிக் காட்டினாள்.

“அட, ஆமா! இது மறைஞ்சிடாதுல்ல? தங்கச்சிக்கும் வேணும்.”

“எங்க போவப்போவுது? சாவுறவரைக்கும் இருக்கும்.”

இருவரும் சிரித்தார்கள். நான் எச்சிலைத் துடைத்துக்கொண்டு, டாக்டரிடம் போக வீட்டைவிட்டு இறங்கினேன்.