அறுபத்திரண்டு கையெழுத்து

"வேலையை விட்டு நிறுத்திட்டாங்கன்னு பழி வாங்குறீங்களா?"

விசாரணை அதிகாரி ஸ்ரீமதி இப்படி நேராகவே கேட்பார் என்று சகாயமேரி எதிர்பார்க்கவில்லை.

"இல்லீங்க மேடம். அந்தப் பொண்ணுங்களுக்கு எதுனா ஆயிடுமேன்னு பயந்துதான் மனு குடுத்தேன்."

பென்னலூரில் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் இரண்டு வருடம் வார்டனாக இருந்தவர். போன மாதம் வேலை போனது. போன கையோடு முதலாளி மேல் புகார். கேட்கிற யாருக்கும் என்ன தோன்றுமோ, அதுதான் ஸ்ரீமதிக்கும் தோன்றியது.

"சரி, என்ன பிரச்சினைன்னு உங்க வாயாலயே சொல்லுங்க."

"ஜெனரேட்டருக்குப் பின்னாடி ஒரு ஷெட்டு கீது மேடம். பதிமூணாம் ரூம்னு சொல்லுவோம். ஜன்னலே கிடையாது. ஒன்பது பொண்ணுங்களை அதுல படுக்க வச்சு, ஷட்டரை வெளியில பூட்டிடறாங்க. தீ கீ புடிச்சா ஒருத்திகூட வெளிய வர முடியாது. ஒரு சாவி என்கிட்ட குடுங்கன்னு கேட்டேன். நாளையிலேர்ந்து வராதன்னுட்டாரு."

எதிர் நாற்காலியில் இருந்த ஹாஸ்டல் முதலாளி கோதண்டராமன் சிரித்தார். ஹாஸ்டல் நடத்துவதைத் தொழில் என்று சொல்லமாட்டார். சேவை என்றுதான் சொல்லுவார்.

"மேடம், போன வாரம் நீங்களே வந்து பார்த்தீங்க. அந்த ஷெட்டுல இன்னா இருந்துச்சு?"

"அரிசி மூட்டை."

"அவ்ளோதான். லைசன்ஸ்ல பன்னெண்டு ரூம், பில்டிங்லயும் பன்னெண்டு ரூம். இந்தம்மா கனவுல பார்த்த ரூமுக்கு நான் எங்க போறது?"

"ஆபீசர் வர்றாங்கன்னு தெரிஞ்சு மூட்டையை அடுக்கிட்டாங்க மேடம். கேட் ரிஜிஸ்டரை வாங்கிப் பாருங்க. யாரு எந்த ரூம்னு எல்லாம் இருக்கும்."

"அது மழையில நனைஞ்சு வீணாப் போச்சு மேடம்," என்றார் கோதண்டராமன்.

ஒரு மாதமாகப் பென்னலூரில் தூறல்கூட இல்லை. மனிதர் கூசாமல் சொன்னார்.

பிறகு பையிலிருந்து நான்கு தாள்களை எடுத்து மேஜையில் வைத்தார். "நான் இன்னாத்துக்குப் பேசணும்? பொண்ணுங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. ஒருத்தி விடாம அறுபத்திரெண்டு கையெழுத்து. எண்ணிப் பார்த்துட்டுத்தான் கொண்டாந்தேன்."

ஸ்ரீமதி சத்தமாகவே படித்தார்.

'வார்டன் சகாயமேரி எங்களை மிகவும் கொடுமைப்படுத்தினார். கையெழுத்துக்குப் பக்கத்தில் ரூம் நம்பர் போடவில்லை என்று கேட்டிலேயே நிறுத்திவிடுவார். பலமுறை கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறோம். அவர் சொல்வதெல்லாம் பொய். நாங்கள் இங்கே பாதுகாப்பாக இருக்கிறோம்.'

"இது நெஜமா?"

"கேட்டுல நிறுத்தினது நெஜந்தான் மேடம். யாரு எங்க படுக்கறாங்கன்னு தெரியாம வார்டன் எதுக்கு?"

கொடுமைக்காரி என்று எழுதியதுகூடச் சகாயமேரிக்குப் பரவாயில்லை. அந்த ஒன்பது பேருமா கையெழுத்துப் போட்டார்கள்? அதைத்தான் தாங்க முடியவில்லை.

மனுவைத் தள்ளுபடி செய்துவிடலாம் என்று பேனாவைத் திறந்த ஸ்ரீமதி, கடைசித் தாளைப் புரட்டியதும் நிறுத்தினார்.

"லைசன்ஸ்ல எத்தனை ரூம்னு சொன்னீங்க?"

"பன்னெண்டு மேடம்."

ஸ்ரீமதி தாளை அவர் பக்கம் திருப்பினார். அதில் ஒன்பது கையெழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் 'ரூம் 13'.

கோதண்டராமன் கையெழுத்துகளை எண்ணினாரே தவிர, படிக்கவில்லை. இப்போது படித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க," என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டு ஸ்ரீமதி எழுந்தார். "சார், ஷட்டர் சாவியோட நீங்களும் வண்டியில ஏறுங்க."

சகாயமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம் மேடம், தினமும் நான் கத்தின கத்துல பழக்கமாயிடுச்சு. தெரியாமப் போட்டுட்டு கீதுங்க."

"பழக்கமா?" ஸ்ரீமதி மற்ற மூன்று தாள்களையும் அவர் முன்னால் விரித்துக் காட்டினார். "அப்படின்னா மத்த அம்பத்திமூணு பேரும் ஏம்மா ரூம் நம்பரே போடலை?"