கவுன்சிலருக்கு இன்னொரு டம்ளர்

"ஒடெஸா அக்கா, போதும்! அவர் என்ன உங்க வீட்டு மாப்பிள்ளையா? விருந்து வைக்கவா கூப்பிட்டோம்? கேள்வி கேக்கத்தானே கூப்பிட்டோம்!"

சபைக் கூடத்துச் சமையலறை வாசலில் நின்று வெர்லீன் பல்லைக் கடித்தாள்.

ஒடெஸா அக்கா காதில் போட்டுக்கொண்டால்தானே! வறுத்த கெளுத்தி, சோள ரொட்டி என்று கவுன்சிலர் தட்டில் மறுபடியும் மலை கட்டினாள்.

"வெயிலு கொளுத்துது, தம்பி. இன்னொரு டம்ளர் ஐஸ் டீ?"

"நீங்க குடுத்து வேண்டாம்னு சொல்வேனா அக்கா!" கவுன்சிலர் ராஸ்கோ பெட்டிஃபோர்ட் டம்ளரை நீட்டினார்.

வெர்லீனுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? அவள் புருஷன் ஓட்டிஸுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப்போகும் வேன், அவர்கள் குடியிருக்கும் மேக்னோலியா தெருக் குழியில் ஒருமுறை அச்சு முறிந்ததிலிருந்து உள்ளே வருவதே இல்லை. மழையானாலும் வெயிலானாலும் சக்கர நாற்காலியில் வைத்து மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டு போகிறாள், பாவம்.

மேற்கே வெள்ளைக்காரர்கள் தெருவுக்கு வருஷா வருஷம் புதுத் தார். கறுப்பர்கள் தெரு என்று வந்தால் மட்டும் நகராட்சியில் தார் தீர்ந்துவிடும்.

பெட்டிஃபோர்டும் கறுப்பர்தான், இதே சபையில் வளர்ந்தவர்தான். ஆனால் கழுவுற மீனில் நழுவுற மீன். வாயாலேயே வடை சுட்டு மூன்று தேர்தல் ஜெயித்தவர்.

அதனால்தான் சபையார் கூடி இந்தக் கூட்டத்தைப் போட்டார்கள். ஒரே கேள்வி. ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று பதில். பதில் வரும்வரை யாரும் எழுந்து போகக்கூடாது. கேட்கிற பொறுப்பு வெர்லீனுக்கு.

"நாம வளைச்சுப் பிடிக்கப் பாக்குறோம், நீங்க காக்கா பிடிக்கிறீங்களேக்கா! அசிங்கமா இல்ல?"

"ஜாடி காலியாயிடுச்சு. கொஞ்சம் நகரு" என்றாள் அக்கா.

அதோடு விட்டாளா? நேரே போய்ப் பாஸ்டர் காதில், "ஐயா, இன்னிக்கு ஆரம்ப ஜெபம் நல்லா நீளமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். பாஸ்டரிடம் இதைச் சொல்லவும் வேண்டுமா! ஆதாமில் ஆரம்பித்தவர் நோவாவுக்கு வருவதற்குள் வெர்லீனுக்குப் பொறுமையே போய்விட்டது. நேரத்தைக் கடத்திக் கவுன்சிலரைத் தப்பவிடத்தான் இந்த வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருவழியாக ஆமென் வந்தது. அவள் எழுந்தாள்.

"கவுன்சிலரே, மேக்னோலியா தெருவுக்கு மழைக்கு முன்னாடி ரோடு போடுவீங்களா? ஆமாவா, இல்லையா?"

"அருமையான கேள்வி, சிஸ்டர்! இதை ஆராய ஒரு குழு அமைச்சு, அந்தக் குழுவோட..."

"கர்த்தாவே, இவருக்கு உதவி செய்யும்!" பின் வரிசையிலிருந்து ஒரு குரல். அந்தச் சபையில் அது பாராட்டு இல்லை. பேசுகிறவர் சொதப்புகிறார் என்று அர்த்தம்.

"ஆமாவா, இல்லையா?"

"அதாவது... நிதி நிலைமை..." கவுன்சிலர் கால் மேல் கால் போட்டார். மாற்றிப் போட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. "சிஸ்டர், ஒரே நிமிஷம் வெளிய போயிட்டு வந்துடறேன்."

"போன வருஷமும் இப்படித்தான் போன் பேசிட்டு வரேன்னு போனீங்க. இன்னும் பேசி முடிக்கல போல!"

கூடமே சிரித்தது. கவுன்சிலர் சிரிக்கவில்லை. பாதி எழுந்தார்.

சபையில் ஒழுங்கு பார்க்கிற கொர்னீலியஸ் பெரியவர், வாசலில் நின்றபடியே வெள்ளைக் கையுறை போட்ட கையை உயர்த்தினார். அவ்வளவுதான். அந்தக் கை உயர்ந்தால் கவர்னரே ஆனாலும் உட்கார வேண்டியதுதான். இதே சபையில் வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியாதா? உட்கார்ந்தார்.

"ஆமாவா, இல்லையா?"

"ஆமா!"

வெர்லீன் விடவில்லை.

"தேதி?"

"அடுத்த மாசம் முதல் திங்கள்! தாரு, ஜல்லி, சாக்கடை மூடி எல்லாம்!"

"இத்தனை பேரு சாட்சி, சபை கேமராவுல எல்லாம் பதிவாகுது. மாற மாட்டீங்களே?"

"எங்கம்மா சத்தியமா மாற மாட்டேன், தாயே! கைய எறக்கச் சொல்லுங்க!"

பெரியவர் கை இறங்கியது. ஆர்கன் முழங்கியது. கவுன்சிலர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார். வெர்லீன் அழுதேவிட்டாள். இனி ஓட்டிஸ் வீட்டு வாசலிலேயே வேன் ஏறலாம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தே சமையலறைக்குள் வந்தாள். "பாத்தீங்களாக்கா? நீங்க ஊட்டி ஊட்டி விட்டீங்க. நான் போட்ட கிடுக்கிப்பிடில மனுஷன் எப்படி ஆடிப்போனாரு! பயத்துல கார் எங்க நிக்குதுன்னுகூடத் தெரியாம பின்பக்கம் ஓடறாரு."

"பின்பக்கம் காரு இல்ல வெர்லீன், கழிப்பறைதான் இருக்கு."

வெர்லீன் காலியாய்க் கிடந்த ஐஸ் டீ ஜாடியைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒடெஸா அக்கா அடுப்பில் தண்ணீரை வைத்து, தேயிலை டப்பாவை அவள் கையில் திணித்தாள்.

"அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கிறவன் நீட்டி முழக்க மாட்டான்டி. அடுத்த மாசம் மேயர் வராராம், அவரு இன்னும் பெரிய பேச்சுக்காரரு. வா, எவ்வளவு போடணும்னு காட்டித் தரேன்."