நான்காவது டயோடு

பாட்டுப் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பழுதுபார்க்க வந்த விஜிதரன் அதன் முதுகைத் திறந்தான்.

மூலைத் தொட்டிலில் உறங்கிய குழந்தை முனகியது. ஆயா பேச்சியம்மா ஓடிச் சென்று ஆட்டினாள்.

அது சுலக்ஷனாவின் நான்கு மாதப் பிள்ளை. தோட்டத்துத் தாய்மார் வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு வந்த முதல் வாரம் முழுவதும் அழுது தீர்த்தது. இன்னொரு நாள் அழுதால், கொழுந்து பறிப்பதையே விட்டுவிடுவதாகச் சுலக்ஷனா சொல்லியிருந்தாள்.

மூன்று நாட்களாகத்தான் அடங்கி உறங்குகிறது. பாட்டின் புண்ணியம் என்பது ஆயாவின் நம்பிக்கை.

அந்தப் பாட்டுக்கு அடியிலோ, மூன்று நாட்களுக்கு முன் இடி விழுந்தது முதல் ஓயாத இரைச்சல்.

"தேன்கூட்டுக்குள்ள குடியிருக்கிற மாதிரி இருக்கு தம்பி. பாட்டு மட்டும் கேக்கிற மாதிரி செஞ்சு குடுங்க."

விஜிதரன் மீட்டரின் முனைகளை டயோடுகளில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். மின்சாரத்தை நேராக்கித் தரவேண்டிய நான்கில் மூன்று உயிரோடிருந்தன. நான்காவது, எப்பக்கம் தொட்டும் வாய் திறக்கவில்லை.

அதை அகற்றி, புதியதை ஈயம் வைத்துப் பொருத்தினான்.

பாட்டு, பொகவந்தலாவை மலைக் காலைபோல் தெளிவாக வந்தது.

குழந்தை வீறிட்டது.

பாட்டை மாற்றினார்கள். ஒலியைக் கூட்டினார்கள். தொட்டிலை இருவரும் ஆட்டினார்கள். அழுகை மலைச்சரிவு வரைக்கும் எட்டியது.

"சத்தத்த எடுக்கச் சொன்னா, புள்ளையோட தூக்கத்தையும் சேத்து எடுத்துப்புட்டீங்களே!"

விஜிதரன் கழற்றிப் போட்ட பழைய டயோடைப் பார்த்தான். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, புதிய டயோடின் ஒரு காலை மட்டும் கழற்றிவிட்டான்.

அவன் மறுபடி மின்சாரம் கொடுக்கவும், முதுகில் கூடையோடு சுலக்ஷனா மூச்சிரைக்க உள்ளே நுழையவும் சரியாயிருந்தது.

"போதுங்கக்கா. நாளையிலருந்து நான் வேலைக்கு வரல" என்று தொட்டிலை நோக்கிக் கைகளை நீட்டினாள்.

பெட்டி பழையபடி இரைந்தது.

குழந்தை விம்மியது, பெருமூச்செறிந்தது, கண்களை மூடிக்கொண்டது.

நீட்டிய கைகள் அப்படியே நின்றன. சுலக்ஷனா பாட்டைக் கேட்கவில்லை. அதற்கு அடியில் ஓடியதைத் தலைசாய்த்துக் கேட்டாள்.

பின்னர், கூடைக் கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டு, மலைக்குத் திரும்ப வாசலைத் தாண்டினாள்.

தாண்டியவள் திரும்பிப் பார்த்தாள்.

"இவன் வயித்துல இருக்கையில, ஏழு மாசம் வரைக்கும் தேயிலை ஸ்டோருலதானேக்கா நின்னேன், இலை அரைக்கிற மெஷினு பக்கத்துல."