சோபா பந்தயம்

"ஆன்லைன்ல ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமா தம்பி? தோத்தா நெட் ஸ்லோன்னு சொல்லிட்டு நழுவிடலாம். இங்க எங்க நழுவுவீங்க? பக்கத்துல உட்கார்ந்து ஆடினாத்தான் ஆளோட லட்சணம் தெரியும். வாங்க."

பெண்ணின் அப்பா, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், சோபாவைத் தட்டிக் காட்டினார். லிப்ட் மெக்கானிக் நுனியில் உட்கார்ந்தான். பெண் கேட்டு வருகிறவனிடம் சம்பளம் கேட்பார், சொந்த வீடு கேட்பார் என்று ஒரு வாரமாகப் பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். மனிதர் அவன் கையில் ஒரு வீடியோ கேம் கண்ட்ரோலரைத் திணித்துவிட்டார்.

இப்படி ஒரு பரீட்சை இருப்பதைக் காதலி முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கதவோரம் நின்று துப்பட்டாவால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் இவளைக் கேட்டு வந்தார். பெரிய உத்தியோகம். ரெண்டாவது வளைவுல காரைக் கவுத்துட்டு, கண்ட்ரோலர் சரியில்ல சார்ங்கறார். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இன்னிக்கு இது மேல பழி போடுறவன் நாளைக்கு என் பொண்ணு மேல போட மாட்டானா? காபி ஆறுறதுக்குள்ள அனுப்பிட்டேன்."

"நான் அந்த ரகம் இல்ல சார்" என்றான் மெக்கானிக். மெஷினில் கோளாறு கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவன் பிழைப்பே. அது இப்போது இவருக்கு நினைவுக்கு வராமல் இருக்க வேண்டும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே டிவியில் பந்தயம் தொடங்கிவிட்டது. திரை இரண்டாகப் பிரிந்து மேலே சிவப்புக் கார், கீழே நீலக் கார்.

"சிவப்பு என்னுது" என்று அவர் முந்திக்கொண்டார்.

மெக்கானிக் நீலத்தை இடப்பக்கம் திருப்பினான். அது வலப்பக்கம் போனது. பிரேக்கை அழுத்தினான். பறந்தது. எல்லாப் பொத்தானையும் மாறி மாறிக் குத்தினான். கார் அதன் இஷ்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கையில் இருப்பது செத்த மெஷின் என்று புரிய அவனுக்கு ஒரு நொடி போதும். ஆனால் வாயைத் திறந்தால் பெண் போச்சு.

என்ன செய்வான், நடித்தான். கார் வளைந்தபோது தானும் வளைந்தான். அது சுவரில் மோதியபோது "ஐயோ, என் தப்புதான்" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

பக்கத்தில் அவரோ கொடிகட்டிப் பறந்தார். "பார்த்தீங்களா திருப்பத்தை? ஊருக்கே ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கை இது" என்றார். அடுத்த கணமே சிவப்புக் கார் பள்ளத்தில் இறங்கியது. "வீட்டுக்கு வந்த பையனாச்சேன்னு விட்டுக்கொடுத்தேன்" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கடைசிச் சுற்றில் இரண்டும் ஒட்டி ஒட்டி ஓடின. அவர் சோபாவில் எம்பி எம்பிக் குதித்தார். அவனும் குதித்தான். காதலி கதவைவிட்டு நடுக்கூடத்துக்கே வந்து கைதட்டினாள். தன் பேச்சைக் கொஞ்சமும் கேட்காத அந்த நீலக் காரின் மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை வந்துவிட்டது. "போடா ராஜா, போ" என்று கத்தினான். அதுவும் போய், ஒரு மயிரிழையில் கோட்டை முதலில் தொட்டது.

பெண்ணின் அப்பா எழுந்தார். அவனை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"ஜெயிச்சதுக்காக இல்ல மாப்பிள்ளை. நடுவுல மோதினீங்க, பின்தங்கினீங்க. ஆனா கண்ட்ரோலரைக் குறையா ஒரு வார்த்தை சொல்லல பாருங்க, அதுக்காக. பொண்ணு உங்களுக்குத்தான்."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றிவிட்டோமே என்று நெஞ்சு உறுத்தியது. கல்யாணம் முடிந்ததும் காலில் விழுந்து சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தான்.

அப்போது காதலியின் அம்மா ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினோடு உள்ளறையிலிருந்து வந்தாள்.

"யாரும் தொடலேன்னா அந்த ரெண்டு காரும் தானாவே ஓடிக் காட்டும். அதுக்குப் போயா இந்தக் கூச்சல்?" என்றாள் கணவரைப் பார்த்து. "ரெண்டு கண்ட்ரோலர்ல இருந்த பேட்டரியையும் கழட்டி இதுல போட்டுக்கறேன்னு காலையிலயே உங்ககிட்ட சொன்னேனே."