மூன்றாவது வெப்பமானி

உறைந்த மீனோடு இரண்டு எல்லை தாண்டி வந்த லாரி, கிடங்கு வாசலில் கதவு திறக்காமல் நின்றது.

தரச் சோதனை அதிகாரி கணினித் திரையை டிரைவர் பக்கம் திருப்பினாள்.

"உள்ள மூணு வெப்பமானி இருக்கு. ரெண்டுல மைனஸ் பதினெட்டு, சுத்தமா இருக்கு. மூணாவது மட்டும் வியாழக்கிழமை முப்பத்துநாலு டிகிரி காட்டுது. வழியில கதவைத் திறந்தீங்களாண்ணே?"

"மீன் ஏத்துன இடத்துல வச்ச சீல் மேடம், அப்படியே இருக்கு பாருங்க. மெஷின் கோளாறா இருக்கும்."

"அஞ்சு மணி நேரமா?"

"அப்புறம் தானா இறங்கிடுச்சுல்ல?"

இறங்கித்தான் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, மைனஸ் பதினெட்டு வரைக்கும்.

'வியாழன் காலை 9.10 முதல் இறங்கிச் சரியாகிவிட்டது' என்று சோதனை அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு சீலை உடைத்தாள்.

பனிப்புகை விலகியது. மீன் பெட்டியில் ஒட்டியிருக்க வேண்டிய மூன்றாவது வெப்பமானியைக் காணோம்.

பெட்டிகளுக்கு நடுவே யாரோ ஒரு பெண் முழங்காலைக் கட்டியபடி விறைத்து உட்கார்ந்திருந்தாள். மூடிய அவள் விரல்களுக்குள் அதன் பச்சை விளக்கு மின்னி மின்னி அணைந்தது.

"உள்ள வேற வெளிச்சமே கிடையாது மேடம்," என்றார் டிரைவர். "உயிர் எப்போ போயிருக்கும்?"

அதிகாரி தன் கையிலிருந்த அறிக்கையைப் பார்த்தாள். நேரத்தை நிமிடம் பிசகாமல் அவளே எழுதி வைத்திருந்தாள்.